ஓசி, சும்மா, நோகாம: இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல என்ன வார்த்தை? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வேலை முடிஞ்சு சாயங்காலம் வர்றவங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன், பதினோரு வருஷமாச்சு. ஹோட்டல் ரிசப்ஷன்ல நிக்கிறவங்க, ஜவுளிக்கடை சேல்ஸ், காலேஜ் பசங்க, தையல் வேலை பாக்குற அக்காங்கன்னு எல்லாரும் வருவாங்க. எந்த பேட்ச் வந்தாலும் இந்த ஒரு விஷயத்துல அதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது. முன்னாடி ஒருத்தி சென்னையில ஃப்ரெண்டு வீட்ல ரெண்டு மாசம் தங்கினா. கிளம்புறப்போ அந்த வீட்டு அம்மாவுக்கு நன்றி சொல்லி இங்கிலீஷ்ல மெசேஜ் போட்டா, அதுல வாடகை இல்லாம தங்கினேன்னு சொல்றதா நெனச்சு தன்னை "ஃப்ரீலோடர்"னு, அதாவது அடுத்தவங்க காசுலயே ஒட்டிக்கிட்டு இருக்கிறவன்னு திட்டுற வார்த்தைய எழுதிட்டா. நம்ம வீட்ல புள்ளையாட்டம் இருந்தவ இப்படி எழுதிட்டாளேன்னு அந்த அம்மா வருத்தப்பட்டாங்களாம். அன்னைக்கே இதையெல்லாம் ஒரு இடத்துல எழுதி வைக்கணும்னு தோணுச்சு, இப்பதான் முடிஞ்சுது. கேள்விய எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

ஓசின்னா ஃப்ரீ தானே மிஸ், அதுல என்ன குழப்பம்?

ஃப்ரீங்கிறது விலை இல்லைங்கிறத மட்டும்தான் சொல்லும். நாம அதோட நிறுத்துறதில்லையே. இலவசம்னா ஒரு அர்த்தம், தானம்னா வேற, சும்மா குடுத்தான்னா வேற, ஓசின்னா சுருக்குனு குத்துது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல தபால் மேல "ஆன் கம்பெனி சர்வீஸ்"னு போட்டு ஸ்டாம்ப் காசு இல்லாம அனுப்புவாங்க, அந்த எழுத்துலருந்து வந்ததுதான் ஓசின்னு ஊர்ல எல்லாரும் சொல்ற கதை. ஆனா இன்னைக்கு யாரையாவது ஓசின்னு சொன்னா தபால் ஞாபகமா வருது? அவமானம்தான் ஞாபகம் வருது.

இங்கிலீஷும் அதே மாதிரிதான். குடுத்தவங்க மனசாரக் குடுத்தாங்களா, வாங்கினவங்க கேட்டு வாங்கினாங்களா, இல்ல அது அவங்களுக்குச் சேர வேண்டியதா, இந்த மூணையும் பாத்துதான் வார்த்தை மாறும். கீழ வர்ற எல்லா பதிலுக்கும் இதுதான் அடிப்படை, அதனால இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

ஃப்ரீ ஆஃப் காஸ்ட், ஃப்ரீ ஆஃப் சார்ஜ், ஃபார் ஃப்ரீ, எது கரெக்ட்?

மூணுமே புரியும். ஃப்ரீ ஆஃப் காஸ்ட் நம்ம நாட்ல அதிகம் புழங்குது, வெளிநாட்டுக்காரங்க ஃப்ரீ ஆஃப் சார்ஜ்னு சொல்லுவாங்க. ஆபீஸ் மெயில்னா அதையே போடுங்க, இல்லன்னா அட் நோ எக்ஸ்ட்ரா காஸ்ட். ஃபார் ஃப்ரீங்கிறது பேச்சு வழக்கு, ஃப்ரெண்டுகிட்ட சொல்லலாம், லெட்டர்ல வேண்டாம். கிராட்டிஸ்னும் ஒண்ணு இருக்கு, லத்தீன்ல "நன்றிக்காக"ங்கிற வார்த்தையிலருந்து வந்தது, அதாவது காசுக்குப் பதிலா நன்றி, எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை அது.

"ஐ காட் இட் ஃப்ரீலி"ன்னு சொல்லிட்டேன், தப்பா?

தப்புதான். ஃப்ரீலின்னா தடையில்லாம, தாராளமான்னு அர்த்தம். ஃப்ரீலி அவைலபிள்னா எங்க வேணா கிடைக்கும், அவ்வளவுதான், கடையில காசு குடுத்துதான் வாங்கணும். "ஐ காட் இட் ஃப்ரீ"ன்னு நிறுத்திடுங்க.

சுகர் ஃப்ரீ பிஸ்கட்னா சக்கரைய இலவசமா தர்றாங்களா?

எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கேட்டது, நல்ல கேள்வி. ஒரு வார்த்தைக்குப் பின்னாடி ஃப்ரீ ஒட்டினா "அது இல்லாத"ன்னு அர்த்தம். சுகர் ஃப்ரீன்னா சக்கரை இல்லாத, டூட்டி ஃப்ரீன்னா வரி இல்லாத, டோல் ஃப்ரீ நம்பர்னா கூப்பிடுறவங்களுக்கு கட்டணம் இல்லாத நம்பர். டூட்டி ஃப்ரீ கடையில வரிதான் கிடையாது, பொருளுக்கு காசு உண்டு, ஏர்போர்ட்ல நின்னு ஏமாந்துடாதீங்க.

ஹோட்டல்ல காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட்னு போடுறாங்களே, நேரா ஃப்ரீன்னு போட்டா என்ன?

மரியாதைக்குதான். காம்ப்ளிமென்டரின்னா "எங்க அன்பளிப்பா வச்சுக்கோங்க"ன்னு குடுக்கிறவங்க சொல்ற தொனி. ஃப்ரீன்னா வாங்குறவங்களோட வார்த்தை. அதனால கெஸ்ட்கிட்ட "பிரேக்ஃபாஸ்ட் இஸ் காம்ப்ளிமென்டரி, மேடம்"னு நீங்க சொல்லணும், கெஸ்ட் உங்ககிட்ட "இஸ் பிரேக்ஃபாஸ்ட் ஃப்ரீ?"ன்னு கேப்பாங்க.

ஸ்பெல்லிங்லதான் எல்லாரும் மாட்டுறாங்க. எல் எழுத்துக்கு அப்புறம் ஐ வந்தா அன்பளிப்பு, பாராட்டு. அதே இடத்துல ஈ வந்தா ஒண்ணுக்கொண்ணு பொருந்தி முழுமையாக்குறதுன்னு அர்த்தம், இட்லிக்கு சட்னி மாதிரி. கம்ப்ளீட்ங்கிற வார்த்தையில ஈ இருக்கு, முழுமைன்னா ஈ, இப்படி ஞாபகம் வச்சுக்கோங்க. கொடைக்கானல்ல ஒரு லாட்ஜ் போர்டுல பெரிய எழுத்துல ஈ போட்டு எழுதியிருந்தாங்க, என் ஸ்டூடண்ட்தான் அங்க ரிசப்ஷன்ல இருந்தான், போட்டோ எடுத்து அனுப்பி "மிஸ் இது தப்புதானே"ன்னு கேட்டான், மறுநாளே ஸ்டிக்கர் ஒட்டி மாத்திட்டாங்க. ரூம் வாடகையில சாப்பாட்டுக் காசும் சேர்ந்திருந்தா அதுக்கு இன்க்ளூடட்னு சொல்றதுதான் நேர்மை.

"இன்னைக்கு நான் வாங்கித் தரேன்"னு எப்படி சொல்றது? "ஐ வில் புட் மணி"ன்னு சொன்னா சிரிக்கிறாங்க.

"இட்ஸ் ஆன் மீ" இல்லன்னா "மை ட்ரீட்". டீக்கடையில பர்ஸை எடுத்துக்கிட்டே "த டீ இஸ் ஆன் மீ"ன்னா போதும். கடைக்காரரே காசு வேண்டாம்னு சொன்னா ஆன் த ஹவுஸ், இங்க ஹவுஸ்ங்கிறது வீடு இல்ல, அந்தக் கடைதான். ஆர்டர் லேட்டாகி மேனேஜர் பில்லுலருந்து ஒரு ஐட்டத்தை எடுத்துட்டா "தே காம்ப்ட் த டெஸர்ட்"னு சொல்லுவாங்க, காம்ப்ங்கிறது மேல சொன்ன காம்ப்ளிமென்டரியோட சுருக்கம்தான். அவங்கவங்க காசை அவங்கவங்க குடுக்கிறது கோ டச்.

கொசுறுக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே இல்லையாமே?

இருக்கு, ஆனா இங்கிலாந்துல இல்ல, அமெரிக்காவுல லூசியானா பக்கம் இருக்கு. லானியாப்னு சொல்லுவாங்க. நியூ ஆர்லியன்ஸ்ல கடைக்காரங்க சாமான் வாங்கினவங்களுக்கு மேல ஒண்ணு சேர்த்துக் குடுப்பாங்க, அதுக்குப் பேர் அது. தென் அமெரிக்காவுல கெச்சுவா பேசுறவங்க "கூடுதல்"னு சொல்ற வார்த்தை ஸ்பானிஷ்காரங்க வாய்க்குப் போய், அங்கருந்து லூசியானா ஃப்ரெஞ்சுக்காரங்க வாய்க்குப் போய், கடைசியா இங்கிலீஷுக்கு வந்திருக்கு. கறிவேப்பிலையும் ரெண்டு பச்சமிளகாயும் நம்ம கூடையில விழுற அதே பழக்கத்துக்கு உலகத்தோட இன்னொரு மூலையிலயும் தனியா ஒரு பேர் இருக்குங்கிறது எனக்கு பெரிய சந்தோஷம்.

இங்கிலாந்துல இதுக்குக் கிட்ட வர்றது பேக்கர்ஸ் டஜன், அதாவது பதிமூணு. 13ஆம் நூற்றாண்டுல ரொட்டி எடை குறைஞ்சா பேக்கரிக்காரங்களுக்கு தண்டனை உண்டு, அந்த பயத்துல பன்னெண்டு கேட்டா பதிமூணா குடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. ஆனா அது பயத்துல குடுத்தது, கொசுறு பிரியத்துல குடுக்கிறது, ரெண்டும் ஒண்ணாகாது. காய்கறிக்கடை அம்மா தராசைத் தட்டி முடிச்சப்புறம் கைப்பிடி கொத்தமல்லிய மேல வைக்கிறப்போ நம்ம மூஞ்சிய ஒரு தடவை பாப்பாங்களே, அந்த பார்வையும் சேர்ந்துதான் கொசுறு. பேச்சுல சொல்லணும்னா "ஷி த்ரூ இன் சம் கரி லீவ்ஸ்"னு சொல்லுங்க, எல்லா நாட்டுக்காரங்களுக்கும் புரியும். த்ரோ இன்னா தூக்கி எறியிறது இல்ல, விலை ஏத்தாம சேர்த்துக் குடுக்கிறது.

ஃப்ரீபீ, கிவ்அவே, பெர்க், ஹேண்ட்அவுட் எல்லாம் ஒண்ணா?

இல்ல. ஃப்ரீபீன்னா விளம்பரத்துக்கு குடுக்கிற சின்னப் பொருள், பேனா, கீசெயின், சாம்பிள் ஷாம்பு. கிவ்அவேன்னா போட்டி வச்சோ குலுக்கல்லயோ குடுக்கிறது. பெர்க்னா வேலையோட கூட வர்ற சலுகை, கம்பெனி கேப், கேன்டீன் சாப்பாடு, அத ஓசின்னு சொல்லக்கூடாது, நீங்க உழைச்ச உழைப்போட பங்கு அது. ஹேண்ட்அவுட்க்கு ரெண்டு அர்த்தம், கிளாஸ்ல குடுக்கிற நோட்ஸும் ஹேண்ட்அவுட்தான், இல்லாதவங்களுக்கு கையில குடுக்கிற உதவியும் ஹேண்ட்அவுட்தான். "ஐ டோன்ட் வான்ட் எ ஹேண்ட்அவுட்"னு ஒருத்தர் சொன்னா "எனக்கு பிச்சை வேண்டாம்"னு சொல்றாருன்னு புரிஞ்சுக்கோங்க.

அடுத்தவன் காசுலயே காலம் ஓட்டுறவனுக்கு என்ன வார்த்தை? தண்டச்சோறுக்கு வேணும் மிஸ்.

நிறைய இருக்கு, எல்லாமே திட்டுதான், பாத்து எடுக்கணும். ஃப்ரீலோடர் பொதுவானது, சாப்பிடுவான், தங்குவான், பங்கு மட்டும் போட மாட்டான். தண்டச்சோறுக்கு இதுதான் கிட்ட வரும், ஆனா நம்ம தண்டச்சோறுல அப்பா திட்டுற ஒரு உரிமையும் கலந்திருக்கும், ஃப்ரீலோடர்ல அது கிடையாது. ஸ்பாஞ்ச்னா தண்ணிய உறிஞ்சுற மாதிரி ஒருத்தர்கிட்டயே கொஞ்சங்கொஞ்சமா உறிஞ்சுறது, "ஹி ஸ்பாஞ்சஸ் ஆஃப் ஹிஸ் பிரதர்". மூச்னா அப்பப்ப சின்னச் சின்னதா கேட்டு வாங்கிக்கிட்டே இருக்கிறது, அமெரிக்கா பேச்சு. ஸ்கிரௌஞ்ச் முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்ங்க பேச்சுல இருந்து பரவினது, அங்க இங்க தேடிப் பொறுக்கிச் சேத்துக்கிறது. "லெட் மீ ஸ்கிரௌஞ்ச் அப் சம் டின்னர்"னா வீட்ல இருக்கிறத வச்சு எதையாவது தேத்துறேன்னு அர்த்தம், அதுல தப்பே இல்ல. ஸ்கிரௌஞ்சர்னு ஆளைச் சொன்னாதான் வசவு.

லீச்னா அட்டை, பாரசைட்னா ஒட்டுண்ணி. பாரசைட் கிரேக்க வார்த்தை, ஆதியில அதுக்கு "அடுத்தவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறவன்"னுதான் அர்த்தம், புழு பூச்சிக்கெல்லாம் அப்புறம்தான் அந்தப் பேர் போச்சு. மனுஷங்களுக்கு இந்த ரெண்டையும் போடாதீங்கன்னு கிளாஸ்ல கண்டிப்பாவே சொல்லுவேன். வேலை போன தம்பி ஆறு மாசம் அக்கா வீட்ல இருந்தா அது பாரசைட் இல்ல, "ஹி இஸ் ஸ்டேயிங் வித் ஹிஸ் சிஸ்டர்" அவ்வளவுதான். ஆரம்பத்துல சொன்ன பொண்ணும் "யூ லெட் மீ ஸ்டே வித் யூ"ன்னு எழுதியிருந்தா அந்த அம்மாவுக்கு மனசு நிறைஞ்சிருக்கும்.

ஓசி சிகரெட், ஓசி லிஃப்ட் கேக்கிறதுக்கு?

அமெரிக்காவுல பம், "கேன் ஐ பம் எ சிகரெட்?" இங்கிலாந்துல காட்ஜ். ரெண்டுமே கூட்டாளிங்களுக்குள்ள கேக்கிறது, பெரியவங்ககிட்ட வேண்டாம். ரோட்ல கட்டைவிரல் காட்டி வண்டி நிறுத்துறது ஹிட்ச்ஹைக். தெரிஞ்சவர் வண்டின்னா "குட் யூ கிவ் மீ எ லிஃப்ட்?", அமெரிக்கர்கிட்ட ரைடுன்னு சொல்லுங்க, அங்க லிஃப்டுக்கு எலிவேட்டர்னு பேரு. ஆஸ்திரேலியா போற பசங்களுக்கு ஒண்ணு, அங்க ப்ளட்ஜர்னு சொன்னா ரொம்பக் கேவலமான திட்டு, நோகாம அடுத்தவன் உழைப்புல வாழுறவன்னு அர்த்தம், விளையாட்டுக்கும் சொல்லிடாதீங்க.

கூப்பிடாத கல்யாணத்துல போய் சாப்பிடுறவனுக்கும் டிக்கெட் எடுக்காம போறவனுக்கும்?

முதல் ஆள் கேட்கிராஷர். ரெண்டாவது ஆள் இங்கிலாந்துல ஃபேர் டாட்ஜர், நம்ம ரயில்வே பாஷையில டிக்கெட்லெஸ் ட்ராவலர். டெட்ஹெட்னு ஒரு பழைய வார்த்தையும் உண்டு, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல பாஸ் வாங்கி நாடகக் கொட்டகைக்குள்ள இலவசமா போறவங்களுக்கு வச்ச பேரு. இன்னைக்கும் விமான ஊழியர் அடுத்த டூட்டிக்காக பயணி சீட்ல உக்காந்து போனா டெட்ஹெடிங்னுதான் சொல்றாங்க, அதுல இழிவு ஒண்ணும் இல்ல.

அல்வா சாப்பிடுற மாதிரின்னு சொல்ல பீஸ் ஆஃப் கேக்கா, கேக்வாக்கா?

வேலை சுலபம்னா பீஸ் ஆஃப் கேக். கேக்வாக் பெரும்பாலும் போட்டிக்கு வரும், சுலபமா ஜெயிச்சது. இதுக்குப் பின்னாடி வலியான கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்கப் பண்ணைகள்ல அடிமையா வச்சிருந்த கறுப்பின மக்கள் ஆடின நடைப் போட்டி அது, எஜமானர்களோட மிடுக்கை நடிச்சுக் காட்டி ஆடுவாங்க, ஜெயிச்சவங்களுக்கு கேக் பரிசு. அதனால அமெரிக்கர்கள் சிலர் இந்த வார்த்தைய விரும்ப மாட்டாங்க, பீஸ் ஆஃப் கேக்கே சொல்லிட்டுப் போங்க, பிரச்சனையில்ல.

எதிராளி வராமலே ஜெயிச்சா வாக்ஓவர், நம்ம ஊர் கபடி டோர்னமென்ட்லயும் மைக்ல சொல்லுவாங்களே அதேதான். குதிரைப் பந்தயத்துல ஒரே ஒரு குதிரை மட்டும் வந்து நின்னா அது சும்மா நடந்து முடிச்சாலே போதும், அங்கருந்து வந்தது. சுலபமா ஜெயிச்சதுக்கு சொல்ற ஹேண்ட்ஸ் டவுனும் அதே மைதானத்து வார்த்தைதான், ஜெயிப்பு உறுதின்னு தெரிஞ்ச ஜாக்கி கடிவாளத்துல கைய தளர்த்தி கீழ விட்டுடுவான். நோ-பிரெய்னர மட்டும் வேலைக்கு சொல்லாதீங்க, அது முடிவுக்கு சொல்றது. "இந்த ஆஃபரை எடுக்கிறது நோ-பிரெய்னர்"னா யோசிக்கவே தேவையில்லாத முடிவு.

கவர்மென்ட் வேலை மாதிரி நோகாம சம்பளம் வர்ற வேலைக்கு என்ன சொல்றது?

முதல்ல அந்த உதாரணத்தை விட்டுடுங்க. பிஹெச்சியில ராத்திரி பிரசவம் பாக்குற நர்ஸும் கவர்மென்ட் வேலைதான், அவங்கள விட நோகிற வேலை எது? வார்த்தைக்கு வருவோம். வசதியான, அலுங்காத வேலைன்னா குஷி ஜாப்னு நமக்கு காதுல விழும், அது சும்மா இல்ல, நம்ம குஷியேதான், இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரங்க எடுத்துட்டுப் போய் இங்கிலீஷ் ஆக்கிட்டாங்க, உச்சரிப்பு குஷி. பேருக்கு பதவி, வேலையே கிடையாதுன்னா சைனக்யூர், லத்தீன்ல "பொறுப்பில்லாம"ன்னு அர்த்தம், சபை மக்கள் பொறுப்பே இல்லாம சம்பளம் மட்டும் வாங்கின சர்ச் பதவிகளுக்கு வச்ச பேரு. ஒரு கூட்டமே உக்காந்து நோகாம காசு பாக்குற ஏற்பாடு கிரேவி ட்ரெயின்.

கூரையைப் பிச்சுக்கிட்டு கொட்டுச்சுன்னு சொல்வோமே?

விண்ட்ஃபால். காத்துல பழம் தானா விழுறது, நாம மரம் ஏறல, கல்லும் எறியல. எதிர்பாராம வந்த பணத்துக்கு சொல்லுவாங்க. நீங்களே லாட்டரி வாங்கி விழுந்தா ஜாக்பாட். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேன்னு நாம சொல்றதுக்கு அவங்க மாட்டுக்குப் பதில் குதிரைய வச்சிருக்காங்க, "டோன்ட் லுக் எ கிஃப்ட் ஹார்ஸ் இன் த மவுத்", பல்லு பாக்குற விஷயம் கூட ஒண்ணுதான்.

குரூப் ப்ராஜெக்ட்ல ஒண்ணும் செய்யாம மார்க் வாங்கினவனை ஃப்ரீலோடர்னு சொல்லலாமா?

ஃப்ரீ ரைடர்னு சொல்லுங்க, அதுக்குன்னே உள்ள வார்த்தை. எல்லாருக்கும் பொதுவா கிடைக்கிற பலனை தன் பங்கு போடாம அனுபவிக்கிறவன். 1965ல மான்கர் ஓல்சன்ங்கிற பொருளாதார அறிஞர் இதைப் பத்தி விரிவா எழுதினதுக்கு அப்புறம் ஃப்ரீ ரைடர் பிராப்ளம் எல்லா எகனாமிக்ஸ் பாடத்துலயும் இருக்கு. தெருவுல எல்லாரும் காசு போட்டு சிசிடிவி வச்சா, குடுக்காத வீட்டுக்கும் அதே பாதுகாப்புதானே, அவனுக்காக தனியா கேமராவை திருப்ப முடியாது.

ஏமாத்தணும்னு இல்லாம, கூட்டத்துல இருக்கிறதாலயே கை தானா தளர்றதும் உண்டு. ஃப்ரான்ஸ்ல மாக்ஸ் ரிங்கல்மான் கயிறு இழுக்க வச்சு பாத்தாரு, 1913ல வெளியிட்டாரு, ஆள் கூடக்கூட ஒவ்வொருத்தரும் போடுற பலம் குறைஞ்சுது. அதுக்கு சோஷியல் லோஃபிங்னு பேரு. உங்க ப்ராஜெக்ட் பையன் இதுல எதுன்னு பாத்துட்டு வார்த்தைய எடுங்க.

ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்றாங்க, அது உண்மையிலயே ஃப்ரீயா?

"தேர் இஸ் நோ சச் திங் அஸ் எ ஃப்ரீ லன்ச்"னு சொல்றது இதுக்குதான். 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்க மதுக்கடைங்க குடிக்க வந்தா சாப்பாடு ஃப்ரீன்னு போர்டு வச்சாங்க, சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருக்கும், தாகம் எடுத்து இன்னும் ரெண்டு கிளாஸ் வாங்குவாங்க.

நம்ம நாட்ல 2022ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பர வழிமுறை போட்டுச்சு, டெலிவரி மாதிரி தவிர்க்க முடியாத செலவு தவிர வேற காசு வாங்கினா அதை ஃப்ரீன்னு விளம்பரம் பண்ணக்கூடாது. ஆப்ல ஃப்ரீ ட்ரயல்னு இருந்தா கார்டு நம்பர் கேக்குதான்னு பாருங்க, மாசம் முடிஞ்சதும் தானா காசு எடுத்துடும். ஃப்ரீமியம்னா அடிப்படை மட்டும் இலவசம், நல்லதுக்கெல்லாம் காசு.

ஃப்ரீ சாஃப்ட்வேர்னா ஓசி சாஃப்ட்வேர் தானே?

இல்ல, அங்க ஃப்ரீன்னா சுதந்திரம். 1983ல ஜிஎன்யூங்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர் திட்டத்தை அறிவிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை விளக்க ஃப்ரீ ஸ்பீச்ல வர்ற ஃப்ரீ, ஃப்ரீ பியர்ல வர்ற ஃப்ரீ இல்லன்னு சொல்லுவாரு. யார் வேணா பாக்கலாம், மாத்தலாம், பகிரலாம், காசுக்கு விக்கவும் செய்யலாம். தமிழ்ல இந்தக் குழப்பமே வராது, கட்டற்ற மென்பொருள்னு அழகா பேர் வச்சிருக்கோம். கள்ளத்தனமா இறக்கின சாஃப்ட்வேர் இதுல எதுவுமே இல்ல, அது பைரேட்டட்.

இங்கிலீஷ் பேப்பர்ல நம்ம திட்டத்தையெல்லாம் ஃப்ரீபீன்னு போடுறாங்களே, அது சரியா?

முதல் பதிலுக்குத் திரும்பிப் போங்க. ஃப்ரீபீன்னா கம்பெனி பேனா குடுக்கிற மாதிரின்னு மேல பாத்தோம். 1956ல காமராஜர் ஆரம்பிச்ச மதிய உணவும், 1982ல எம்ஜிஆர் அதை விரிவுபடுத்தின சத்துணவும் பேனா கிடையாது, பசியோட வந்த பிள்ளைய பள்ளிக்கூடத்துல உக்கார வச்சது. அதுக்கு வெல்ஃபேர் ஸ்கீம்னுதான் நான் சொல்லிக்குடுப்பேன். தேர்தல் நேரத்துல டிவி, மிக்ஸி குடுக்கிறேன்னு சொன்னதுதான் ஃப்ரீபீங்கிற பேச்சை பெருசாக்குச்சு, அதை எதிர்த்துப் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2013ல தீர்ப்பு வந்துச்சு. 2011க்கு அப்புறம் நம்ம அரசு இலவசத்தை விட்டுட்டு "விலையில்லா"ன்னு எழுத ஆரம்பிச்சதும் இந்த வார்த்தைச் சுமையாலதான்னு நான் நினைக்கிறேன். மகளிர் பஸ்ல ஏறுற அக்கா ஓசியில போகல, அவங்களும் எண்ணெயிலருந்து சோப்பு வரைக்கும் வரி கட்டுறாங்க. இங்கிலீஷ்ல "ஃபேர்-ஃப்ரீ ட்ராவல்"னு சொல்லுங்க, அதுல யாருக்கும் குறைச்சல் இல்ல.

என் வேலைய ஓசியில செஞ்சு தரச் சொல்றவங்ககிட்ட இங்கிலீஷ்ல மரியாதையா எப்படி மறுக்கிறது?

முதல்ல நீங்களா விரும்பிச் செய்யிறதுக்கு வார்த்தை தெரிஞ்சுக்கோங்க. வக்கீலோ டிசைனரோ பொதுநலனுக்காக காசு வாங்காம செஞ்சா ப்ரோ போனோ. அமெரிக்க வக்கீல் சங்கம் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது இப்படி செய்யப் பாருங்கன்னு தன் உறுப்பினர்களுக்கு சொல்லுது. கட்டணத்தை தள்ளுபடி பண்ணா "ஐ'ல் வேவ் த ஃபீ". இதெல்லாம் நீங்க முடிவு பண்ணி குடுக்கிறது.

மறுக்கணும்னா நீளமா காரணம் சொல்ல வேண்டாம். "ஐ'ட் லவ் டு ஹெல்ப், பட் திஸ் இஸ் ஹவ் ஐ எர்ன் மை லிவிங்"னு சொல்லி உடனே ரேட்டை சொல்லிடுங்க. எங்க பேட்ச்ல ஆரி வொர்க் பண்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, ஒரு ப்ளவுஸுக்கு நாலு நாள் குனிஞ்சு உக்காந்து ஊசி போடுவாங்க. வெளிநாட்டு கஸ்டமர் ஒருத்தங்க ரெண்டு ப்ளவுஸுக்கு ஆர்டர் குடுத்துட்டு "மூணாவதை த்ரோ இன் பண்ணிடுங்க, இன்ஸ்டாவுல உங்க பேர் போடுறேன்"னு கேட்டிருக்காங்க. அக்கா இந்த வரியை நோட்டுல பாத்து பாத்து டைப் பண்ணி, கீழ மூணு ப்ளவுஸுக்கும் ரேட் போட்டு, கடைசியில "ஐ வில் த்ரோ இன் த டாஸல்ஸ்"னு தானா சேர்த்து அனுப்பினாங்க, குஞ்சம் மட்டும் கொசுறு. அரை மணி நேரத்துல மூணுக்கும் அட்வான்ஸ் வந்துடுச்சு.